ராஜாஜி சாலையிலிருந்து நீல் தீவுக்கு

அந்தமான் போகிறவர்களில் பெரும்பாலோர் இன்று மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, இரண்டரை மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடுகிறார்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க்காரர்களுக்கு அதைவிடப் பழைய வழி ஒன்று கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து மாதத்தில் சில தடவை அந்தமானுக்குப் பயணிகள் கப்பல் புறப்படுகிறது. டிக்கெட் கொடுக்கும் அலுவலகம் துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையில் இருக்கிறது. நான்கௌரி, நிக்கோபார், ஸ்வராஜ் த்வீப் என்று பல ஆண்டுகளாக இந்தத் தடத்தில் ஓடிய கப்பல்களின் பெயர்கள் துறைமுகத்தைச் சுற்றி வாழ்கிறவர்களுக்குப் பழக்கமானவை. ஆனாலும் அக்கம்பக்கத்தில் அதில் ஏறியவர் யார் என்று விசாரித்தால், விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் தேறும்.

ஏறுகிறவர்கள் வேறு ரகம். தீவில் கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார்கள், சென்னையில் வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள், விடுமுறைக்கு வீடு போகும் தீவு மாணவர்கள், பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுபோகும் சிறு வியாபாரிகள். சுற்றுலா போகிறவர் இந்தக் கூட்டத்தில் சிறுபான்மை. நிதானமாக ஊர் பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமையாது.

கீழ்த்தளத்து பங்க் வகுப்பில் நீளமான கூடம் ஒன்றில் இரும்புக் கட்டில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். காசு கூடுதலாகக் கொடுத்தால் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, டீலக்ஸ் அறைகள் உண்டு. கேன்டீன் சாப்பாடு எளிமையானது. ஊறுகாய், பொடி, கொஞ்சம் நொறுக்குத் தீனி, போர்த்திக்கொள்ள ஒரு போர்வை ஆகியவற்றை வீட்டிலிருந்து எடுத்துப் போவது உத்தமம். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் வாந்தி மாத்திரையைக் கப்பல் ஏறும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு.

இழுவைப் படகுகள் கப்பலை மெல்லத் திருப்பி அலைதடுப்புச் சுவருக்கு வெளியே கொண்டுவரும்போது, வடசென்னை தன் முதுகைக் காட்டுகிறது. கரையில் நின்று பார்த்துப் பழகிய ஊரைக் கடலிலிருந்து பார்ப்பது தனி அனுபவம். காசிமேட்டு விசைப்படகுகளின் கொடிக்கூட்டம், அதற்குப் பின்னே ராயபுரத்தின் தேவாலயக் கோபுரங்கள், இன்னும் வடக்கே எண்ணூர் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள். இந்தத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ராயபுரத்து மாடிகளில் காயப்போட்ட துணி கறுத்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் அந்தச் சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. மேல்தளத்தில் நிற்பவருக்கு இந்த வரலாறு முழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கிறது. பிறகு கரை தேய்ந்து தேய்ந்து மறைகிறது.

அடுத்து வருவது சுமார் 1,200 கிலோமீட்டர் தண்ணீர். ஏறத்தாழ மூன்று நாள். கைபேசியில் சிக்னல் போய்விடும். கப்பலின் அடியில் கடல் மூவாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம் காணும் இடங்கள் உண்டு. அதன் படுகையில், சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்த கண்ணாடி இழைக் கம்பிவடம் கிடக்கிறது. மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பல தீவுகளை இணைக்கும் வடம் அது. மேலே போகிற மனிதருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு வாய்ப்பது பக்கத்துக் கட்டில்காரரின் பேச்சும், சீட்டாட்டமும், முகப்பு கிழிக்கும் அலையிலிருந்து கொத்தாக எழுந்து பறந்து விழும் பறக்கும் மீன்களும்தான். சூரியனும் ஒவ்வொரு நாளும் முந்திக்கொண்டு எழுகிறது. சென்னைக்கும் அந்தமானுக்கும் தீர்க்கரேகையில் சுமார் பன்னிரண்டரை பாகை வித்தியாசம். கடிகாரமோ இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் அங்கே விடியலும் அந்தியும் ஐம்பது நிமிடம் போல முன்னால் வந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். விமானத்தில் போகிறவர் இதைத் திடீரென்று உணர்ந்து குழம்புகிறார். கப்பல் பயணியின் உடம்பு வழியிலேயே பழகிவிடுகிறது.

இதே தடத்தில் கைவிலங்கோடு போனவர்கள் உண்டு. 1911இல் சாவர்க்கரை ஏற்றிக்கொண்டு மகாராஜா என்ற கப்பல் சென்னையிலிருந்துதான் அந்தமான் போனது. அவர்களை அடைத்த செல்லுலார் சிறை 1906இல் கட்டி முடிந்தது. நடுக்கோபுரத்திலிருந்து ஏழு திசைக்கு நீண்ட கட்டடங்களில் இன்று மூன்று எஞ்சி நிற்கின்றன. போர்ட் பிளேரில் இறங்குகிறவர் ஒரு பகலை அதற்கு ஒதுக்குவது நியாயம். 2024 செப்டம்பரில் மத்திய அரசு இந்த நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியது. கடைத்தெருவில் பழைய பெயர்தான் இன்னும் புழங்குகிறது. தமிழும் தாராளமாகப் புழங்குகிறது. 2011 கணக்கெடுப்பில் இந்த யூனியன் பிரதேசத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம். வெற்றிமலை முருகன் கோயில், இட்லிக் கடை, மதுரை, ராமநாதபுரம் என்று பூர்விகம் சொல்லும் ஆட்டோக்காரர் என வடசென்னைக்காரர் அந்நியமாக உணர வழியே இல்லை. இன்னும் தெற்கே, நிக்கோபாரின் கச்சால் தீவில், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களை ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். அந்தக் கதை தனியாக எழுதத் தக்கது.

கடலில் முழுக வருகிறவர்கள் வழக்கமாகப் போவது ஹேவ்லாக் தீவு. ராதாநகர் கடற்கரை, விடுதி வரிசை, கூட்டம் எல்லாம் அங்கே. பக்கத்திலேயே, போர்ட் பிளேரிலிருந்து சுமார் 37 கிலோமீட்டரில், இருக்கும் நீல் தீவில் பலர் பகலில் வந்து படம் எடுத்துக்கொண்டு மாலைப் படகில் திரும்பிவிடுகிறார்கள். தங்குகிறவருக்குத்தான் இந்தத் தீவு பிடிபடும். போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து அரசுப் படகில் இரண்டு மணி நேரம் போலாகும்; தனியார் படகுகள் விரைவானவை, கட்டணமும் கூடுதல். விமான நிலையம் கிடையாது.

இந்தத் தீவின் பெயரில் சென்னைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தீவின் பெயருக்கு உரிய ஜேம்ஸ் நீல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையின் தளபதி. 1857 எழுச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் மக்களைக் கண்மூடித்தனமாகத் தூக்கிலிட்டவர். அதே ஆண்டு லக்னோவில் செத்தார். ஆங்கிலேயர் அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927இல் அந்தச் சிலையை அகற்றக் கோரித் தொண்டர்கள் சுத்தியலும் கோடரியுமாகச் சத்தியாகிரகம் செய்தார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தன் சிறு மகளுடன் சிறை போனது அந்தப் போராட்டத்தில்தான். பத்தாண்டுக்குப் பிறகு, 1937இல், ராஜாஜி முதல்வரானதும் சிலை தெருவை விட்டு அகன்றது. இன்று அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தீவின் பெயர் மட்டும் இன்னும் எண்பது ஆண்டு நீடித்தது. போர்ட் பிளேரில் நேதாஜி கொடியேற்றி 75 ஆண்டு நிறைந்த 2018 டிசம்பர் 30 அன்று அது ஷஹீத் தீவு ஆனது. நீல் சிலையை இறக்கிய ராஜாஜியின் பெயர் தாங்கிய சாலையில் டிக்கெட் வாங்கி இங்கே வந்து இறங்குகிறவர் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. ஊரில் எல்லோரும் இன்றும் நீல் என்றே சொல்வதால் இந்தக் கட்டுரையும் அப்படியே சொல்கிறது.

வாடகைச் சைக்கிள் இருந்தால் போதும், ஒரு பகலில் தீவு முழுவதும் சுற்றிவிடலாம். 1960களில் கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்களைக் குடியமர்த்திய தீவு இது. கடற்கரைகளுக்கு பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர் என்று இராமாயணப் பெயர்கள். சாலைக்கு இருபுறமும் வாழை, தென்னை, பாக்கு, கத்தரி, பாகல் பந்தல். போர்ட் பிளேர் சந்தைக்குக் காய்கறி அனுப்புவதால் அந்தமானின் காய்கறிக் கூடை என்ற பெயரும் இதற்கு உண்டு. கடைத்தெருவில் கடுகு அரைத்துவிட்ட வங்காள மீன் குழம்பு கிடைக்கும். நம் புளிக்குழம்பு நாக்குக்கு அது புது ருசி. கைபேசி இணையம் அவ்வப்போது வரும், போகும். சென்னைக் கம்பிவடம் நேரடியாகத் தொடும் தீவுகளின் பட்டியலில் நீல் இல்லை.

சூரியன் எழுவதற்கு சீதாபூர், விழுவதற்கு லட்சுமண்பூர் என்று ஊரே பங்கு பிரித்து வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே செய்வதற்கு அதிகம் இல்லை. அலை வற்றும் நேரத்தை உள்ளூரில் விசாரித்துக்கொண்டு இயற்கைப் பாலம் பக்கம் போனால், பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் கடல் அட்டையும் நண்டும் சிறு மீன்களும் அலை திரும்பி வரக் காத்திருக்கும். காலடியைப் பார்த்து வைக்க வேண்டும். அங்கே பாறை என்று தெரிவதில் உயிருள்ள பவளமும் உண்டு.

இனி முழுக்கு. ஸ்கூபா என்றதும் நீச்சல் வீரர்களின் விளையாட்டு என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நீச்சல் தெரியாதவரும் பயிற்றுநர் கையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். அதற்கு ஆழ வரம்பு 12 மீட்டர். தானாக முழுகும் சான்றிதழ் வேண்டுமென்றால் மூன்று நான்கு நாள் பயிற்சி. நீச்சல் சோதனை உண்டு, எழுத்துத் தேர்வு உண்டு. முடித்தவர் 18 மீட்டர் வரை போகலாம். ஆஸ்துமா, இதய நோய், காதுக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. படிவத்தில் எதையும் மறைக்கவும் கூடாது.

முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட வைக்கிறார்கள். சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டரை வாயில் கவ்வியதும் உடம்பு முரண்டு பிடிக்கிறது. மூக்கு மூடியிருக்கிறது, முகம் தண்ணீருக்குள் இருக்கிறது, மூச்சு விடு என்கிறார்கள். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கத்துக்கு நேர் எதிரான கட்டளை. முதல் சில மூச்சு வேகமாக இருக்கும். குமிழ்கள் காதோரம் கடகடவென்று மேலே ஓடும். பிறகு தாளம் பிடிபடும். ஓரிரண்டு மீட்டர் இறங்கியதும் காதில் அழுத்தம் குத்தும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் பட்டென்று விடுபடும். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பத்து மீட்டரில் நுரையீரலில் இருக்கும் காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அதனால்தான் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வரவே கூடாது என்பதைப் பயிற்றுநர் மறுபடி மறுபடி சொல்கிறார். தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் சங்கு குளித்தவரும் முத்துக் குளித்தவரும் மேலேயே மூச்சை இழுத்து, அடக்கிக்கொண்டு இறங்கியவர்கள். அவர்கள் கலையின் விதி வேறு. சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கிறவருக்கு மூச்சு நிற்காமல் ஓட வேண்டும்.

கீழே, காசிமேட்டில் வளர்ந்தவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. பெயர் தெரிந்த மீன்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. விடியற்காலை ஏலத்தில் ஐஸ் மேல் வரிசையாகப் படுத்திருக்கும் களவா இங்கே பவளப் பாறைக்கு அடியில் வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்கிறது. விரல் நீளமுள்ள நீலக் கோடு போட்ட மீன் ஒன்று அதன் செவுளுக்குள் நுழைந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்கிறது. களவா அதை விழுங்குவதில்லை. வேலை முடிந்ததும் தலையை ஆட்டி நகர்கிறது. அடுத்த களவா வந்து நிற்கிறது. பாரை மீன்கள் கூட்டமாக வளைந்து போகின்றன. மேலே சீலாக்கள் வெள்ளிக் கம்பிகளாகத் தொங்குகின்றன. மணலில் திருக்கை தன்னைப் புதைத்துக் கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கிறது. பொந்திலிருந்து அஞ்சாளை தலை நீட்டுகிறது. சந்தையில் செக்கச்செவேல் என்று மின்னும் சங்கரா பதினைந்து மீட்டரில் மங்கிய சாம்பலாகத் தெரியும். சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடுகிறது. டார்ச்சை அடித்தால் நிறம் திரும்பிவிடும். கொஞ்சம் உற்றுக் கேட்டால் கறக் கறக் என்று ஒரு சத்தம். கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் ஓசை அது. கடித்து, பாசியைச் செரித்து, மிச்சத்தை மணலாகக் கழிக்கிறது. நீல் தீவின் வெள்ளை மணலில் ஒரு பகுதி இப்படி மீன் வயிற்றில் அரைபட்டு வந்தது.

பரத்பூர்ப் பக்கத்துக் கடற்புல் மேடுகளில் ஆவுளியாவும் வந்து மேய்வதுண்டு. நம் பாக் நீரிணை மீனவர்களுக்குத் தெரிந்த கடற்பசு. அந்தமானின் மாநில விலங்கும் அதுதான். தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது. நீலில் அதைக் காண்பது பெரும் பேறு. பார்த்தே தீர வேண்டும் என்று படகுக்காரரை நெருக்குவது அந்த விலங்குக்குத்தான் ஆபத்து.

இந்த அழகு தழும்பில்லாதது என்று எழுதினால் பொய். 2004 டிசம்பர் நிலநடுக்கம் வட அந்தமானின் சில கரைகளைத் தூக்கிப் பவளத்தை வெயிலில் காயப்போட்டது. தெற்கே நிக்கோபாரில் நிலம் இறங்கிக் கடல் உள்ளே வந்தது. 2010 கோடையில் கடல் வெப்பம் ஏறியதில் அந்தமான் பவளம் பெருமளவு வெளுத்தது. 2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெரும் பவள வெளுப்பு நடப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். நீலில் முழுகுகிறவர் உயிருள்ள பவளத்துக்குப் பக்கத்திலேயே ஒடிந்து சாம்பல் பூத்த திட்டுகளையும் காண்பார். எண்ணூர்க்காரருக்கு இந்தக் காட்சி விளக்கம் கேட்காது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியபோது வாளியால் அள்ளியவர்கள் அவர்கள். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி வலையும் படகும் பாழானதையும் பார்த்தவர்கள். கடல் கெட்டால் எப்படி இருக்கும் என்பது தெரிந்த ஊர். கெடாத கடல் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க அந்த ஊருக்கு முதல் உரிமை உண்டு.

விருந்தாளியைக் கூட்டிக்கொண்டே பவளத்தைக் காக்க முடியும் என்பதற்குக் கரீபியனில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. வெனிசுவேலாவுக்கு வடக்கே போனேர் என்ற சிறு தீவு. 1979இலேயே தீவைச் சுற்றிய கடல் முழுவதையும் பூங்காவாக அறிவித்தார்கள். பவளத்தின்மேல் நங்கூரம் போடத் தடை. படகுகளைக் கட்ட மிதவைகள். 1990களின் தொடக்கம் முதல் முழுகுகிறவர் ஒவ்வொருவரும் கட்டணம் கட்டுகிறார்கள், அந்தப் பணம் பூங்காவுக்கே போகிறது. சாலையோரம் மஞ்சள் வண்ணம் அடித்த கற்கள் முழுக்கு இடங்களைக் காட்டும்; வண்டியை நிறுத்தி, கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். நீல் தீவில் கரைக்கு அருகே சுற்றுலாப் படகுகள் கூடிக்கொண்டே வரும் இந்தக் காலத்தில், எல்லா முழுக்கு இடத்துக்கும் நிலையான மிதவை என்ற ஒன்றையாவது உடனே கட்டாயமாக்க வேண்டும்.

போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அடங்கித் தெளிந்திருக்கும். தென்மேற்குப் பருவம் தொடங்கினால் படகுகள் ரத்தாகும். பவளம், சங்கு, சிப்பி எதையும் பையில் போடக் கூடாது; பவளமும் பல சங்கு வகைகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, கிளம்பும்போது பையைச் சோதிப்பார்கள். பழங்குடி ஒதுக்கிடங்களுக்குப் போவது குற்றம். உப்புநீர் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் ஓடையருகே குளிக்கக் கூடாது. பல முறை முழுகியவர் கடைசி முழுக்குக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி உயிருக்கே ஆபத்தாகலாம். கப்பலில் திரும்புகிறவருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. திரும்பும் டிக்கெட்டுக்கு மட்டும் முன்கூட்டியே அலைய வேண்டும், கப்பல் தேதியும் கடைசி நேரத்தில் மாறலாம். விடுப்பைக் கணக்காகக் கத்தரித்து வருகிறவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

தண்ணீரோடு பிறந்து வளர்ந்த வடசென்னைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தொழிலும் இருக்கிறது. அந்தமான் முழுக்கு மையங்களில் வழிகாட்டிகளாக உள்ளூர் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். 1925 வாக்கில் பர்மாவிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய கரேன் சமூகத்துப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. காற்றும் நீரோட்டமும் படிப்பது காசிமேட்டுப் பையனுக்கும் அவனுடைய அப்பா சொல்லிக் கொடுத்த பாடம். அடிப்படைச் சான்றிதழ், அடுத்த நிலை, மீட்புப் பயிற்சி, முதலுதவி என்று படிப்படியாக ஏறி, பதினெட்டு வயது நிறைந்து, 40 முழுக்குகள் பதிவானால் டைவ் மாஸ்டர் பயிற்சியில் சேரலாம். முடிக்கும்போது 60 வேண்டும். செலவு ஏழைக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசு நடத்தும் திறன் பயிற்சிகளில் இதையும் சேர்த்து, கட்டணத்தை அரசே ஏற்றால், அடுத்த சில ஆண்டுகளில் நீல் தீவில் இறங்கும் சென்னைக் குடும்பத்துக்குக் கீழே தெரியும் களவாவையும் அஞ்சாளையையும் காசிமேட்டுத் தமிழிலேயே காட்டிக்கொடுக்க ஆள் கிடைப்பார்கள்.